பம்ப்புக்காரரும் மச்சான் பெட்டியும்

திருப்புளியின் முனையைப் பெட்டியின் முதுகில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார் பம்ப்புக்காரர். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. இந்தக் கோலத்தில் அவரை யாரும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் ஒரு விரலைத் தூக்குவார். அந்த விரல் இறங்குகிற வரைக்கும் வீடே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

தண்ணீர் மோட்டார் என்றால் இந்நேரம் வியாதியைச் சொல்லியிருப்பார். பேரிங் தேய்ந்திருக்கிறதா, உள்ளே ஏதாவது உரசுகிறதா, காற்று மாட்டியிருக்கிறதா, எல்லாம் திருப்புளி வழியாக ஏறிக் காதுக்கு வந்துவிடும். ஆனால் இது ரௌட்டர். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், நாலு கொம்பு முளைத்த கறுப்புப் பெட்டி. உறுமாது, அதிராது, கை சுடுகிற மாதிரி சூடுகூட ஏறாது.

"ஒண்ணும் கேக்கலை," என்றார் கண்ணைத் திறக்காமலே. "செத்துப்போச்சா, சும்மா கிடக்கா, ஒரு எழவும் புரியலையே."

"அதுல காதை வெச்சா என்னங்க கேக்கும்? அது என்ன வயித்துப் பிள்ளையா?" என்றாள் வீட்டுக்காரி.

வீடு ஊர் முடிகிற இடத்தில் இருக்கிறது. அங்கே வரை எந்தக் கம்பெனியும் கேபிள் இழுக்கவில்லை. செல்போன் சிக்னல் மொட்டை மாடியில், அதுவும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால், ஒரு கோடு காட்டும். அதனால்தான் மகள் பிடிவாதம் பிடித்து, வானத்திலிருந்து இன்டர்நெட் இறக்குகிற டிஷ்ஷை வாங்கி மாடியில் வைத்தாள். டிஷ்ஷோடு ஒரு ரௌட்டர் வந்தது. அது கம்பெனிப் பெட்டி. கீழே பட்டறை அறையில் இருக்கிற அதன் வைஃபை, தடித்த சுவர்களைத் தாண்டி மகளின் மாடி அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும்.

போன வாரம் மகளுக்கு வேலைக்கான நேர்காணல், வீடியோவில். வரைபடம் வரைந்து கொடுக்கிற கம்பெனி. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. அவள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே படம் உறைந்து போனது. வாயைத் திறந்தபடி, பாதிக் கண் மூடியபடி நின்றுவிட்டாள். அந்தப் பக்கம் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆனாலும் நல்லவர்கள். இன்னொரு தடவை பார்க்கலாம் என்று எழுதினார்கள். அந்த இன்னொரு தடவை இன்றைக்கு, மூன்று மணிக்கு. இனிமேல் கூப்பிட மாட்டார்கள் என்பதையும் அதே கடிதத்தில் மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள்.

அதற்காக வந்ததுதான் கொம்பு முளைத்த இந்தப் பெட்டி. வீட்டுக்காரியின் தம்பி டவுனில் செல்போன் கடை வைத்திருக்கிறான். "மாமா, இது மூணு வீடு தாண்டி அடிக்கும்" என்று கொடுத்து அனுப்பினான். அன்றிலிருந்து அதற்கு மச்சான் பெட்டி என்று பெயர். அவன் போனில் சொல்லச் சொல்ல, மகள் நேற்று கம்பெனிப் பெட்டியின் வைஃபையை அணைத்து, வந்ததை அப்படியே கடத்திவிடுகிற வேலையை மட்டும் அதற்குக் கொடுத்தாள். இனி வைஃபை கொடுக்க வேண்டியது மச்சான் பெட்டி. அதுதான் கொடுக்கவில்லை.

கொடுக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. அங்கேதான் மனுஷனுக்குத் தலை சுற்றியது. வைஃபை வருகிறது, பெயர் காட்டுகிறது, பாஸ்வேர்டைப் போட்டால் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் உள்ளே போனால் ஒன்றுமில்லை. மகளின் கம்ப்யூட்டரில் இல்லை, அவருடைய போனில் இல்லை. வீட்டுக்காரியின் பழைய போனில் மட்டும் காலையில் கொஞ்ச நேரம் ஜம்மென்று வந்தது. அவள் அதைத் தூக்கிக் காட்டிக்கொண்டே அறை அறையாக நடந்தாள்.

"பாருங்க, எனக்கு வருது. என் தம்பி கொடுத்தது, எனக்கு வராம?"

"ஆளைப் பாத்தாடி வரும் அது?" என்று கேட்டவர், அவள் திரும்பியதும் அந்தப் போனை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். வந்துகொண்டிருந்ததும் நின்றுபோனது. அது ஏன் வந்தது, ஏன் நின்றது என்று இன்று வரைக்கும் அவருக்குத் தெரியாது.

பம்ப்புக்காரரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். இடது மணிக்கட்டில் எந்நேரமும் ஒரு கறுப்பு டேப்புச் சுருள் வளையல் மாதிரி கிடக்கும். குளிக்கும்போதுதான் கழற்றுவார். ரிமோட்டின் மூடி, கண்ணாடியின் காது, வீட்டுக்காரியின் செருப்பு வார், சாவி தொலைந்த அலமாரியின் சாவித் துவாரம், எல்லாவற்றிலும் அந்த டேப்பு இருக்கிறது. கொஞ்சமும் சுருக்கம் விழாமல் ஒட்டி, ஓரத்தை நகத்தால் தேய்த்துவிடுவார். ஒட்டியது தெரியாது. திறந்து கிடக்கிற ஓட்டை என்றாலே அவருக்கு ஆகாது. ஒரு ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் பல்லி புகுந்து, ஒரு முழு மோட்டாரையே எரித்துவிட்டுத் தானும் கருகிக் கிடந்ததைப் பார்த்த நாளிலிருந்து இப்படி.

அதிலும் தனியாக இருக்கிற ஓட்டை என்றால் கை தானாகவே டேப்புக்குப் போகும். பம்ப்பின் மேல் அப்படி ஒரு ஓட்டை தனியாக இருக்கும். ஓட்டுவதற்கு முன்னால் அதில் தண்ணீர் ஊற்றி நிரப்பி, இறுக்கி மூடிவிட வேண்டும். மறந்துபோய்த் திறந்தே விட்டுவிட்டால் காற்றுப் புகுந்து, பம்ப்பு வெறுமனே சுற்றும், தண்ணீர் ஏறாது. வாடிக்கையாளர்களுக்கு அவர் சொல்லுகிற ஒரே புத்திமதி இதுதான்: "தனியா இருக்கிற ஓட்டையை எப்பவும் மூடியே வை. மத்ததை நான் பாத்துக்கறேன்."

மணி ஒன்று தாண்டியது. மகள் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். "நேத்து வரைக்கும் அரைகுறையாவாவது வந்துச்சுப்பா. இப்ப அதுவும் போச்சு."

"கம்பெனிப் பெட்டியையே திருப்பி எழுப்பினா என்ன?"

"அதை எழுப்பணும்னா எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேருந்து வரணும். இப்பப் போய் அதையும் தொட்டா ரெண்டும் கெட்டுடும்ப்பா."

அவர் திருப்புளியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார். தொட்டியைக் கட்டிப்பிடித்த மாதிரி நின்று மச்சானைக் கூப்பிட்டார்.

"மாமா, பெட்டியில லைட்டெல்லாம் எரியுதா?"

"எரியுது. ஒண்ணு மட்டும் எரியலை."

"எது?"

அதைப் பார்க்கக் கீழே இறங்க வேண்டும். இறங்கினார், குனிந்து பார்த்தார், மறுபடி ஏறினார்.

"கோடு போட்ட பந்து மாதிரி ஒரு படம் இருக்குடா. அதுக்கு மேல எரியலை."

"அதான் மாமா இன்டர்நெட்டு."

"அது எரியலைன்னா?"

"இன்டர்நெட்டு இல்லைன்னு அர்த்தம்."

"அதைத்தானேடா நான் காலையிலேருந்து தொண்டை கிழியச் சொல்லிட்டிருக்கேன்!"

மச்சான் கடையில் ஆள் நிற்கிறது போலிருக்கிறது. யாருக்கோ ஏதோ விலை சொல்லிவிட்டு வந்தான். "சரி, கம்பெனிப் பெட்டியிலேருந்து வர்ற ஒயரை எதுல மாட்டியிருக்கீங்க?"

"முதல் ஓட்டையில."

"நீல ஓட்டையிலயா?"

"நீலம் ஏதுடா? நாலும் மஞ்சள்."

"நாலு மஞ்சள், ஒரு நீலம் மாமா. மொத்தம் அஞ்சு."

"நாலுதான்டா. எனக்கு எண்ணத் தெரியும்."

"இன்னும் ஒண்ணு சேத்து எண்ணுங்க."

"இல்லாததை எப்படிடா எண்ணுறது?"

கீழே வந்தார். மேசைக்கு அடியில், சுவர் மூலையில், இருட்டுக்குள் இருந்தது பெட்டி. மகளையும் குனிந்து பார்க்கச் சொன்னார். அவளும் எண்ணினாள். மஞ்சள், மஞ்சள், மஞ்சள், மஞ்சள். முதல் மஞ்சளில் ஒயர். "நாலுதான்ப்பா இருக்கு," என்றாள்.

"டூப்ளிகேட்டை என் தலையில கட்டிட்டான் உன் தம்பி," என்றார் பம்ப்புக்காரர்.

"என் தம்பியைச் சொன்னீங்கன்னா நல்லா இருக்காது. காலையில எனக்கு வந்துச்சே, அது என்ன டூப்ளிகேட்டா?"

அந்தக் கேள்வி அவரையும் காலையிலிருந்து குடைந்துகொண்டுதான் இருந்தது. கெட்டுப்போன சாமான் என்றால் கெட்டுப்போனதாக இருக்க வேண்டும். நல்ல சாமான் என்றால் ஓட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்று கண்ணடிக்கிற சாமானை அவர் தொழிலில் பார்த்ததில்லை. எதிராளி மனுஷனாக இருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பார். பெட்டியின் சட்டையை எங்கே பிடிப்பது?

மகள் எழுந்து மடக்கு நாற்காலியை எடுத்தாள்.

"எங்கம்மா போற?"

"தொட்டிக்கிட்ட. போன்லயாவது பேசிப் பாக்கறேன்."

"உச்சி வெயில்ல உக்காந்தா முகம் எப்படித் தெரியும்? அந்த ஒத்தைக் கோட்டுல வீடியோ எப்படி வரும்?"

"வராது," என்றாள். நாற்காலியை மட்டும் கீழே வைக்கவில்லை.

அவர் அவளைத் தாண்டிக்கொண்டு படி ஏறினார். முட்டி வலிக்கிற ஆள்; இந்தத் தடவை கைப்பிடியைக்கூடப் பிடிக்கவில்லை.

"டேய் மச்சான், உண்மையைச் சொல்லு. நீ கொடுத்த பெட்டியில ஓட்டை குறையுது."

"மாமா, நான் வித்த சாமான் எனக்குத் தெரியாதா? சரி, கோபப்படாதீங்க. உங்க தொழில்லயே கேக்கறேன். ஒரு பம்ப்பு, அதுலேருந்து நாலு வீட்டுக்குப் பைப்பு போகுது. கிணத்துலேருந்து தண்ணி ஏறி வர்ற பைப்பைக் கொண்டுபோய் அந்த நாலுல ஒண்ணுல மாட்டுவீங்களா?"

"எந்த மடையனாவது மாட்டுவானா? தள்ளுற பக்கத்துல கொண்டுபோய் உறிஞ்சுற பைப்பை வெச்சா எப்படிடா? உறிஞ்சுற வாய்தான் அந்தப் பக்கம் தனியா..."

தனியா என்ற இடத்தில் பேச்சு நின்றது.

வலது கை மெல்ல இடது மணிக்கட்டுக்குப் போனது. டேப்புச் சுருளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. போனைத் தொட்டி மூடியின் மேல் வைத்துவிட்டு நடந்தார். "ஹலோ? மாமா? லைன்ல இருக்கீங்களா?" என்று மச்சான் தொட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கீழே வந்து மேசைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பெட்டியை வெளிச்சத்துக்கு இழுத்தார். நாலு மஞ்சளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, கறுப்பு உடம்பு வழவழவென்று இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே வழவழவென்று இருந்தது. நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். டேப்பு சுருண்டு வந்தது. உள்ளே நீலம்.

பெட்டியைப் பிரித்த அன்றைக்கே, ஒயர் மாட்டுவதற்கு முன்னாலேயே ஒட்டியிருக்கிறார். ஒட்டியது ஞாபகமே இல்லை. மூச்சு விட்டது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

வீட்டுக்காரி டேப்பைப் பார்த்தாள், ஓட்டையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். "டூப்ளிகேட்டு, இல்லைங்க?" என்றாள், ரொம்ப அமைதியாக.

"சும்மா இருடி."

ஒயரை நீலத்துக்கு மாற்றினார். எல்லாவற்றையும் அணைத்து, முதலில் கம்பெனிப் பெட்டி, பிறகு மச்சான் பெட்டி என்று மகள் உயிர் கொடுத்தாள். பந்துப் படத்துக்கு மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கு வந்தது.

"ஆரஞ்சு நல்லதா, கெட்டதா?"

"தெரியலைப்பா. டிஷ்ஷு இன்னும் மேல தேடிட்டிருக்குன்னு நினைக்கறேன்."

அவர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். ஒன்றும் இல்லை, ஒரு மேகம்கூட இல்லை. எதைத் தேடுகிறது, கிடைத்தால் எப்படிப் பிடிக்கும், பிடித்ததை இத்தனை சின்ன ஓட்டையில் எப்படித் திணிக்கும், ஒன்றுமே விளங்கவில்லை. காத்துக்கொண்டிருந்த நேரத்தில் கை சும்மா இருக்கவில்லை. காலியாகக் கிடந்த மஞ்சள் ஓட்டைகளைப் பார்த்ததும் டேப்பை இழுத்துவிட்டது.

"அப்பா! கை!"

கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஆரஞ்சு அணைந்தது. மூன்று பேரும் அணைந்த இடத்தையே பார்த்தார்கள். பிறகு அதே இடத்தில் பச்சை வந்தது. மகளின் கம்ப்யூட்டர் டிங் டிங்கென்று காலையிலிருந்து சேர்ந்த கடிதங்களை எல்லாம் கொட்டியது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு மாடி அறைக்கு ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது.

பச்சையை அவர் நம்பவில்லை. காலையிலும் மற்றதெல்லாம் பச்சையாகத்தான் எரிந்தது. பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார், பட்டறை வாசல் வரை போனார், திரும்பினார். மணி மூன்று ஆனதும் மேலே மகளின் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை. நடுவில் ஒரு தடவை குரல் நின்றது. போன வாரமும் இப்படித்தான் நின்றது.

செருப்பைக் கழற்றிவிட்டுப் படி ஏறினார். "உள்ள போயிடாதீங்க," என்று கிசுகிசுத்துக்கொண்டே வீட்டுக்காரி பின்னால் வந்தாள். அவர் உள்ளே போகவில்லை. சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்து, முனையைக் கதவுப் பலகையில் மெதுவாக வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

"ஏங்க, ஓடுதா? என்ன கேக்குது?"

பம்ப்புக்காரர் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு விரலைத் தூக்கினார்.