அறுபதில் பாதி

விஜயகலா டீச்சர் கணிதம் படிப்பித்தார், நான் வரலாறு. யட்டியாந்தோட்டைக்கு மேலேயுள்ள எங்கள் தோட்டப் பாடசாலையில் இரண்டு வகுப்புகளுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். நான் எகிப்து, பாபிலோன் என்று தொடங்கினால் போதும், அந்தப் பக்கத்திலிருந்து வந்துவிடுவார்.

“பர்ஸானா டீச்சர், கொஞ்ச நேரம் எனக்குத் தாங்க.”

சோக்கை வாங்கிக்கொண்டு கரும்பலகையில் ஆரம்பிப்பார். எகிப்தியர் ஆயிரத்துக்குத் தாமரைப் பூ வரைந்தார்கள், இலட்சத்துக்குத் தவளைக்குஞ்சு, பத்து இலட்சத்துக்கு, மலைத்துப்போய்க் கைகளைத் தூக்கி நிற்கும் ஒரு மனிதன். மாயர்களின் பூச்சியத்துக்குச் சிப்பியின் வடிவம். நம் பூச்சியம் அரபிகளின் கையில் ஏறி ஐரோப்பாவுக்குப் போன கதையைச் சொல்லும்போது என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். இடைவேளை மணி அடித்தாலும் பிள்ளைகள் எழும்ப மாட்டார்கள்.

அவர் தோட்டத் தொழிலாளரின் லயத்தில் பிறந்தவர். கணவர் இந்திரகுமார் அதே தோட்டத்தில் இன்றும் ரப்பர் பால் வெட்டுகிறார். சுதர்ஷினி ஒரே மகள்.

போன வருஷம் ஐப்பசி மழையில், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் மேசையிலேயே சரிந்தார். முச்சக்கர வண்டியில் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூளையில் இரத்தம் கட்டியிருந்தது. உயிர் பிழைத்தார். கைகால் விளங்கின, பேச்சும் திரும்பியது. எல்லோரும் மூச்சுவிட்டோம்.

டொக்டர் சில விரல்களை நீட்டி, “கீயத?” என்று சிங்களத்தில் எத்தனை என்று கேட்டார். டீச்சர் சிரித்தார். பிறகு அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு மெல்ல வடிந்தது. என் பக்கம் திரும்பினார்.

“விரல்னு தெரியுது டீச்சர். எத்தனைன்னு வரமாட்டேங்குதே.”

எண்ணைக் கையாளும் பகுதி அடிபட்டிருக்கிறது, திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். வரவில்லை.

ஒருநாள் வீட்டுக்குப் போனேன். சோற்றுக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தார். ஒரு தட்டை எடுத்து, “இது அவருக்கு”, இன்னொன்றை எடுத்து, “இது சுதாவுக்கு.” ஒவ்வொரு முகத்தையும் பார்த்துப் பார்த்து வைத்தார்.

“எண்ணத் தெரியாத காலத்துல மனுசன் ஆட்டுக்கு ஒரு கல்லுன்னு இப்பிடித்தான் போட்டு வச்சிருப்பான்” என்றார். இந்திரகுமார் எழுந்து வெளியே போய்விட்டார்.

எண்களின் வரலாறு மட்டும் ஒன்றுவிடாமல் அவரிடம் இருந்தது. அதனால் நான்தான் பாடசாலை அதிபரிடம் கேட்டு, என் வகுப்பில் கதை சொல்ல அவரைக் கூட்டிவந்தேன். அன்று நல்ல சேலை உடுத்தியிருந்தார். பாபிலோன்காரர் அறுபது அறுபதாகக் கணக்கிட்டதையும், நம் மணிக்கூட்டில் இன்றும் அது ஓடுவதையும் பழைய குரலிலேயே சொன்னார். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முன்வரிசையில் இருந்த சுமித்ரா கையைத் தூக்கினாள். “டீச்சர், ஏன் அறுபதை எடுத்தாங்க? பாதியாப் பிரிச்சா எவ்வளவு வரும், அதுல பாதி எவ்வளவு வரும்?”

டீச்சருக்கு என்ன ஆனதென்று அவளுக்குத் தெரியாது, ஆசையில் கேட்டாள். டீச்சர் கரும்பலகைக்குத் திரும்பி சோக்கை வைத்தார். ஒரு புள்ளி விழுந்தது. அதற்கு மேல் கை நகரவில்லை. நான் எழுந்து பதிலைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவரை இன்னும் கேவலப்படுத்துவதாகுமோ என்று வாயைத் திறக்கவில்லை.

“தெரியல கண்ணு” என்றார், திரும்பாமலே.

அதற்குப் பிறகு அவர் பாடசாலைக்கு வரவில்லை. சுகவீனம் என்று ஓய்வு கொடுத்துவிட்டார்கள். போன கிழமை பார்க்கப் போயிருந்தேன். பேச்சோடு பேச்சாக, சிந்துவெளி எண்குறிகளைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இனி அதெல்லாம் கேக்காதீங்க டீச்சர். எண்ணோட கதையும் சேந்து போயிருந்தா, என்ன போச்சுன்னே தெரியாம இருந்திருப்பேன்.”

அவர் பிடித்த கையை விடுவிக்காமலே மற்றக் கையால் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.