தண்ணீர் வரிசையில் ஒரு ஹீரோ

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடம். மாடி வராந்தாவில் நின்று பார்த்தபோது முதலில் தெரிந்தது, தெருவில் வரிசையாக நின்ற பிளாஸ்டிக் குடங்களுக்கு நடுவே என் மகளின் பச்சைக் கவுன். அவளுக்கு எட்டு வயது. கைக்கு ஒன்றாக இரண்டு ஆரஞ்சுக் குடங்களைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஏதோ ஒழுங்குபடுத்துகிறாள் என்று நினைத்து, பல் துலக்கப் போய்விட்டேன்.

தல்லாகுளத்தில் எங்கள் தெருவில் சித்திரை பிறந்தால் போர்வெல் வற்றிவிடும். பிறகு மூன்று நாளைக்கு ஒரு முறை வரும் தண்ணி லாரிதான். முந்தின இரவே குடங்களை வரிசையில் வைத்துவிட்டு எல்லோரும் உள்ளே போய்விடுவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. ஹோஸ் பிடிக்கிறவர் யார் வீட்டுக் குடம் என்று கேட்பதில்லை. முன்னால் இருப்பதில் தொடங்கி, தண்ணீர் தீரும்வரை நிரப்பிக்கொண்டே போவார்.

இதில் ஒரு விலக்கு உண்டு. கடைசி வீட்டு அக்கா தன் ஆரஞ்சுக் குடங்கள் நான்கையும் எப்போது கொண்டுவந்தாலும் முதலில்தான் வைப்பார். அவர் கணவர் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். அவரைத் துடைத்துவிடவும் விரிப்பை அலசிப் போடவும் அந்தத் தண்ணீர் வேண்டும். இதை யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. அவர் படுத்த கோடையில் ஒருவர் தன் குடத்தைப் பின்னால் நகர்த்தினார், மற்றவர்களும் நகர்த்தினார்கள், அவ்வளவுதான். பிள்ளைகளிடம் யாரும் விளக்கியதில்லை.

லாரி வந்தது. அவரவர் குடத்தைத் தூக்கும் அவசரத்தில் வரிசையின் வால்பக்கம் யாரும் பார்க்கவில்லை. எங்கள் ஆறு குடங்களை நான் வாசலுக்குக் கொண்டுபோய் முடித்தபோது ஹோஸில் காற்று வந்தது. "அம்புட்டுதாண்ணே. இனி புதன்கிழமை வாரேன்" என்று ஹோஸைச் சுருட்டினார் லாரிக்காரர். கடைசியில் ஆரஞ்சுக் குடங்கள் நான்கும் காலியாக நின்றன.

கடைசி வீட்டு அக்கா வந்து பார்த்தார்.

"யாரு என் குடத்தக் கொண்டுபோயி அங்க வச்சது?"

"நான்தான்" என்று என் மகள் முன்னால் வந்தாள். பயமே இல்லை. பதக்கம் வாங்க வந்தவள் மாதிரி நின்றாள்.

"ஏன்த்தா?"

"நீங்க எப்பப் பாத்தாலும் லைன்ல வராம முன்னாடி வைக்கிறீங்க. தப்பு பண்றவங்கள சும்மா விடக் கூடாது."

அந்த வாக்கியத்தை நான் கேட்டிருக்கிறேன். பள்ளி விட்டு வந்ததும் அவள் பார்க்கும் கார்ட்டூனில், நீல உடுப்புக்காரன் ஒருவன் கட்டிடத்தின் மேல் நின்று கனத்த டப்பிங் குரலில் சொல்வது. அதைப் பார்க்க அனுமதித்ததே நான்தான். அவன் பொய் சொல்வதில்லை, எளியவர்களைக் காப்பாற்றுகிறான், விழுந்தவனை அடிப்பதில்லை என்றெல்லாம் உட்கார்ந்து பார்த்துத்தான் அனுமதித்தேன். அவன் யாரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. கெட்டவனுக்குத் தடித்த புருவம், பெரிய சிரிப்பு. பார்த்ததும் தெரிந்துவிடும், தெரிந்ததும் உதை. எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் இப்படி ஒரு செய்தி எழுதிக் கொடுத்தால், எதிர்த்தரப்பைக் கேட்டாயா என்று திருப்பி அனுப்புவார்கள்.

"ஏன் முன்னாடி வைக்கிறாங்கன்னு அவங்ககிட்டக் கேட்டியா?" என்றேன்.

"எதுக்குப்பா கேக்கணும்? பாத்தாலே தெரியுது."

"என்ன தெரியுது?"

"அவங்க சிரிக்கிறது."

அதைக் கேட்டு அக்கா சிரித்தார். தெருமுனைவரை கேட்கும் சிரிப்பு அது. பார்த்தீர்களா என்பதுபோல் மகள் என்னைப் பார்த்தாள்.

"என்னய வில்லியாக்கிட்டாளே தம்பி உங்க மக" என்றவர், உடனே குரலைத் தாழ்த்தினார். "விடிஞ்சதுலருந்து நனைஞ்சு கெடக்காரு. இப்ப எத வச்சு நான் தொடைக்க?"

மகளிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன்.

"ஹீரோ சாரி சொல்ல மாட்டாருப்பா. தோத்தவங்கதான் சொல்லுவாங்க."

அவர் ஹீரோ, நீ மூன்றாம் வகுப்பு என்றேன். நல்லது செய்ததற்கு யாராவது சாரி சொல்வார்களா என்றாள். எது நல்லது என்று தொடங்கினேன். நியாயம், விதி, விதிக்கு விலக்கு, விலக்குக்குக் காரணம் எனத் தெருவில் நின்று ஒரு தலையங்கமே சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இத்தனைக்கும் நடுவில் ஒரு மனிதர் ஈரத்தில் கிடந்தார்.

"பேச்ச விடுங்க தம்பி, குடத்தத் தூக்குங்க" என்றார் அக்கா.

எங்கள் குடங்களில் நான்கைத் தூக்கிக்கொண்டு போனோம். மகள் தன் பங்குக்கு ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து வந்தாள். அந்த வீட்டுக்குள் அவள் போனது அதுதான் முதல் தடவை. கட்டிலில் இருந்தவர் நன்றாக இருக்கும் கையை அசைத்து அவளை அழைத்தார். அவள் கதவோரத்திலேயே நின்றாள். அக்கா அவள் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டு, "வெளிய போயி வெளயாடுத்தா, துணி மாத்தணும்" என்றார்.

திரும்பி வரும்போது மகள் கேட்டாள்: "இத ஏம்ப்பா யாருமே எங்கிட்ட சொல்லல?"

சாரி இன்னும் சொல்லவில்லை. அதை விட்டுவிட்டு என்னைக் குறுக்கு விசாரணை செய்கிறாள். எரிச்சல் தலைக்கேறியது. ஆனால் கேள்வி சரியாகத்தான் இருந்தது.

மீதியிருந்த இரண்டு குடங்களைச் சமையலுக்கும் குடிக்கவும் வைத்துக்கொண்டோம். புதன்கிழமைவரை எங்கள் வீட்டில் யாரும் குளிக்கவில்லை.