கண்ணாடிக்கு வெளியே நின்றவர்

கந்தசாமி அண்ணை ஆசுப்பத்திரியில் செத்துப்போய்விட்டார் என்ற செய்தியை எங்கள் தர்மபுரத்துக்குக் கொண்டுவந்தவர், அவருக்கு நாயாற்றுக் கடற்பாசி கொண்டுவந்து கொடுக்கிற மீன்காரர்தான். "மெய்யோ?" என்று கேட்டேன். "இதில என்ன பொய் சொல்லக் கிடக்கு?" என்று சினந்தார். நாங்கள் எதையும் எடுத்த எடுப்பில் நம்புகிற ஊர்க்காரர் அல்ல.

செத்தவீட்டிலேயே ஒருவர் என் காதுக்குள், "ஆள் நல்லாய்க் கசிப்புக் காய்ச்சினவர், என்ன?" என்று பழைய கள்ளச்சாராயக் கதையை எடுத்தார். அவரைப் போன்றவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

அண்ணை மலைநாட்டில் ஒரு பூந்தோட்டத்தில் வேலைசெய்தவர். அரசாங்கத்தின் குடியேற்றக் காணி கிடைத்து இங்கே வந்த பிறகும் அந்தத் தொழிலை விடவில்லை. ஓர்க்கிட் விதை தூசி மாதிரி. மண்ணில் தூவினால் முளைக்காது. கடற்பாசியைக் காய்ச்சி, சீனியும் இளநீரும் கலந்து கண்ணாடிப் போத்திலில் ஊற்றி அவிப்பார். ஆறிக் களியானதும் விதையைத் தூவி இறுக்கி மூடுவார். சீனி, இளநீர், போத்தில், அடுப்பு. ஊர் வேறு என்ன நினைக்கும்? சங்கக்கடையில் அவர் சீனி வாங்கினால் பின்னால் நிற்பவர்கள் இருமுவார்கள். அந்தக் கடை மனேச்சர் தேத்தண்ணிக்குச் சீனி போடாதவர். அவரையும் ஊர் நம்பவில்லை. அது வேறு கதை.

அண்ணையோ கன்றுகளையே நம்பமாட்டார். ஒருமுறை சீனியைக் கூட்டிப் பார்த்தார். கன்றுகள் கொழுகொழு என்று நின்றன. வெளியே எடுத்து வைத்ததும் பொழுதுபட முன்னர் துவண்டுவிட்டன. "இருந்த இடத்தில சீனி கிடைச்சால் இலை ஏன் பாடுபடப் போகுது? கொழுப்பைக் காட்டினால் நம்பமாட்டன், வேரைக் காட்டட்டும்" என்றார். சீனியே போடாமல் விட்டால் வேரும் வரவில்லை. நடுவில் ஓர் அளவைத் தட்டித் தடவிப் பிடித்தார். வேர்விட்டவற்றைத் தேங்காய்த் தும்பில் வைத்து, ஈரச்சாக்கால் மூடி, சாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாய் விலக்கிக் காற்றுக்குப் பழக்குவார்.

யாரோ கோள்மூட்ட, ஒருநாள் கிராம அதிகாரியான விதானையார் வந்தார். கசிப்பென்று அவர் எழுதினால் காணி பறிபோய்விடும். அண்ணையின் மனைவி பரமேசக்கா குறுக்கே நின்றா.

"போத்திலைத் திறவாதேங்கோ ஐயா. காத்துப் பட்டால் பூஞ்சணம் பிடிச்சிடும்."

"திறக்காமல் எப்பிடிப் பிள்ளை மணக்கிறது?"

அண்ணை ஒன்றை மட்டும் திறந்து நீட்டினார். "இதை மணந்து பாருங்கோ."

விதானையார் மூக்கை வைத்தார். "சர்பத் மாதிரிக் கிடக்கு. நல்லதைத் தந்துபோட்டு மற்றதை ஒளிக்கிறாய் என்ன?"

எல்லாவற்றையும் திறந்தார். வேலியில் நின்ற ஊரும் வந்து மணந்தது.

காணி தப்பியது. ஆனால் அந்தக் கிழமைக்குள் போத்தில்களெல்லாம் பூஞ்சணம். சாக்கின் கீழ் இருந்தவை மட்டும் மிஞ்சின. பரமேசக்கா திட்டித் திட்டிப் போத்தில் கழுவினா. அண்ணை துடைத்து அடுக்கினார்.

"விதானையாரில கோபமில்லையோ?" என்று கேட்டேன்.

"சந்தேகப்பட்டதில பிழையில்லையடாப்பா. நானும் ஒவ்வொரு கன்றையும் சந்தேகப்படுறனான்தான். ஆனால் கண்ணாடிக்கு வெளியில நிண்டு சந்தேகப்படுறன்."

அவருடையதாக நான் வைத்திருப்பது இந்த ஒரு கதைதான்.