ஏழு தெரு கடக்கும் வழி

சுவிஸ் நாட்டுப் பேர்ண் நகரில் ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் இருபத்தெட்டு வருடம் பாத்திரம் கழுவி ஓய்வுபெற்றவர் புண்ணியமூர்த்தி. ஸ்பெயினில் வலென்சியா என்றொரு கடற்கரை நகரம் இருப்பதே அவருக்குப் போன மாரியில்தான் தெரியும். ஒரே மகள் ரிஷானிக்கு அங்கே வேலை கிடைத்திருந்தது. கணவன் நிலனோடும் ஐந்து வயது அக்‌ஷயாவோடும் கோடையில் போகிறாள். பார்த்த வீடுகளில் இரண்டு மிஞ்சியிருந்தன.

"நீங்களும் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோவன் அப்பா, பிள்ளையோட இருக்க எந்தப் பக்கம் நல்லமெண்டு," என்று கணினியை அவரிடம் விட்டுவிட்டுப் போனாள்.

மனுஷன் சும்மா இருப்பாரா? திரையில் தெருப் படங்களைத் திறந்து, இரண்டு வீட்டு வாசலிலிருந்தும் பள்ளிக்கூடம் வரை மவுசைத் தட்டித் தட்டியே நடந்தார். கடற்கரைப் பக்கத்து வீட்டில் கூடத்தோடு சேர்த்து நாலு அறை. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு ஏழு தெரு கடக்க வேண்டும், ஒன்றில் துறைமுக லொறிகள் ஓடின. பூங்காப் பக்கத்து வீட்டில் மூன்றே அறை, இரண்டே தெரு.

அந்த நாலாவது அறையை அவர் மனதுக்குள் எப்போதோ தன்னுடையதாக்கிவிட்டார். கட்டில் சன்னலோரம், செத்துப்போன மனைவியின் படம் எதிர்ச் சுவரில். "எனக்கும் இடமிருக்கோ?" என்று கேட்கத்தான் வாய் வரவில்லை. கேட்டு, மகள் ஒரு கணம் தயங்கிவிட்டால் அதை அவரால் தாங்க முடியாது.

பேர்ணில் சின்னஞ்சிறுசுகள் ஒளிரும் பட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தனியாகத்தான் பள்ளிக்குப் போகும். ரிஷானியும் அப்படித்தான் போனாள். அவள் கடந்தது ஒரேயொரு தெரு. அதற்கே பள்ளி தொடங்கும் எட்டரை மணியாகும் வரை குசினியில் அவருக்குக் கை ஓடாது. அக்‌ஷயாவுக்கு ஏழு தெருவா? இரண்டு கிழமை தன்னோடு மல்லுக்கட்டி, வெள்ளிக்கிழமை மகளை அழைத்தார்.

"பூங்காப் பக்கத்தை எடு பிள்ளை."

"வடிவா யோசிச்சோ சொல்லுறீங்கள்?"

"ஓம்."

ஞாயிறு வந்தவள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மேசையில் வைத்தாள். முகம் வாடிக் கிடந்தது. அவர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"ரெண்டு ரோட்டுத்தானே. தனியப் போக அக்‌ஷயா ஒரு கிழமையில பழகிடுவாள்."

ரிஷானி நிமிர்ந்தாள். "அங்க இந்த வயசுப் பிள்ளையளைத் தனிய விடுறேல்லை அப்பா. பெரியாக்கள்தான் கூட்டிக்கொண்டு போறது. நீங்கள் கூட்டிக்கொண்டு போவீங்கள் எண்டுதான் நாலு அறை வீட்டையும் பாத்தனாங்கள். நீங்கள் சின்ன வீட்டைச் சொன்னதும், எங்களோட வர விருப்பமில்லையாக்கும் எண்டு நினைச்சம். அந்தப் பெரிய வீட்டை நேற்று வேற ஆக்கள் எடுத்திட்டினம்."

அவளும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அப்பனுக்கு ஏற்ற மகள்.

அவர் எவ்வளவு ஆசையோடு இருந்தார் என்று சொன்னால், அதை அவள் ஆயுசுக்கும் சுமப்பாள். ஊற்றிய தேத்தண்ணியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஓம் பிள்ளை," என்றார். "எனக்கு இஞ்ச பழகிப்போச்சு. இனி இன்னொரு நாட்டுக்கு வர மனமில்லை."

ரிஷானி அதை நம்பிவிட்டாள்.