நின்றுகொண்டு தின்றது

என் கொழுந்தனார் மனைவி சாப்பிடுவதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடையாறிலிருந்து மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். அவள் செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு, ஒரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு வாயாக மென்று அரை மணி நேரம் சாப்பிடுவாள். போதும் என்று தோன்றினால் கையை எடுத்துவிடுவாள், பாயசமாக இருந்தாலும் சரி. எனக்கு அந்தப் 'போதும்' வாயில் வந்ததே இல்லை.

இரண்டு பேருக்கும் ஒரே வருஷத்தில்தான் சர்க்கரை வந்தது. தி. நகரில் ஒரே டாக்டரம்மாவிடம்தான் போகிறோம். அவளுக்கு மாத்திரை பாதியாகக் குறைந்தது. எனக்கோ, அடுத்த டெஸ்ட்டிலும் இறங்காவிட்டால் ஊசிதான் என்று சொல்லிவிட்டார். ஊசியைவிட அவளுடைய மாத்திரை குறைந்ததுதான் என்னை அதிகம் உறுத்தியது. இதை யாரிடம் சொல்ல முடியும்?

சாப்பிடும் தட்டைத் தினமும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. அனுப்பினேன். காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ஒரு கப் சோறு, நிறையக் காய். "நல்லாத்தானே சாப்பிடறீங்க, அப்புறம் ஏன் ஏறுது?" என்று அவரே குழம்பினார். நான் ஏமாற்றவில்லை. தட்டில் அவ்வளவுதான் இருந்தது. பிய்ந்துபோன தோசை, மகன் வைத்துவிட்டுப் போன பூரி, குழம்புச் சட்டியில் சோற்றைப் போட்டுத் துடைத்து எடுத்த நாலு வாய், இதெல்லாம் சாப்பாடு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அது பாத்திரத்தைக் காலி பண்ணுகிற வேலை.

போன மாதம் ஒரு ஞாயிறு. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அடுப்படிக்கு வந்து, உருளைக்கிழங்கு வறுத்த சட்டியில் சோற்றைப் பிசைந்து, நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் எடுக்க வந்தவள் பார்த்துவிட்டாள். வாய் நிறையச் சோறு, என்னால் பேசவும் முடியவில்லை. வேறு யாரிடம் மாட்டியிருந்தாலும் பரவாயில்லை, அவளிடம் மட்டும் மாட்டியிருக்கக் கூடாது.

அவள் சிரிக்கவில்லை. "நானும் இப்படித்தான் சாப்பிட்டுக்கிட்டிருந்தேன்க்கா. பொண்ணு வெளிநாடு போயிட்டா. அவரு வர ராத்திரி ஆயிடுது. மத்தியானத்துல நான் பரிமாற ஆளே இல்ல. உக்காந்து மெதுவா சாப்பிட்டாதான் எனக்கு மத்தியானமே போகுது" என்றாள்.

நான் அவளுக்காக வருத்தப்பட்டிருக்க வேண்டும். வருத்தமும் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வந்தது வயிற்றெரிச்சல்தான். யாரும் கூப்பிடாத ஒரு மத்தியானம்! அதுகூட அவளுக்குத்தான் கொடுத்துவைத்திருக்கிறது.

அவள் ஒரு தட்டில் சோறு போட்டு எடுத்துப் போய், மேஜையில் தன் பக்கத்து நாற்காலிக்கு நேராக வைத்தாள். போய் உட்கார்ந்தேன். சாம்பாரும் அவளே ஊற்றினாள். இரண்டு வாய் போயிருக்காது, "மோர் எங்க?" என்றார் என் கணவர். என் உடம்பு தானாகப் பாதி எழுந்துவிட்டது. "ஃப்ரிட்ஜ்ல இருக்கு மாமா, எடுத்துக்கோங்க" என்றாள் அவள், தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே. அவர் போய் எடுத்துக்கொண்டு வந்தார். வீடு ஒன்றும் இடிந்து விழவில்லை.

நானும் அவளைப் போலவே மென்று பார்த்தேன். எனக்கு வாய் வலித்தது. ஆனால் இருபத்தாறு வருஷமாக நான் வைக்கும் சாம்பாரில் புளி தூக்கல் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவளுக்கு அது முதல் ஞாயிற்றுக்கிழமையே தெரிந்திருக்கும். சொல்லாமல்தான் வாரா வாரம் சாப்பிட்டிருக்கிறாள்.