மாத்திரை போட்டால் முகம் சிவக்கும்

என் வீட்டுக்காரருக்குக் குதிகாலுக்கு மேலே, நரம்பில், ஒரு கட்டி இருந்தது. வலி இல்லை. அவருடைய அண்ணனுக்கும் அதே இடத்தில் இருந்தது. அந்த அண்ணன் சின்ன வயசிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், எழுந்திருக்கவில்லை. அதனால் எனக்குப் பயம். இவருக்குப் பயம் இருந்ததா, தெரியாது. சொன்னதில்லை.

கும்முடிபூண்டியில் அப்போதுதான் கம்பெனிகள் வர ஆரம்பித்தன. இவர் ஓர் இரும்புக் கம்பெனியில் லோடு ஏற்றினார். எனக்கு அத்திப்பட்டுப் பக்கம் உப்பளத்தில் வேலை. கூலியை விட்டுவிட்டு அவரைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ரத்தம் எடுத்தார்கள். இன்னொரு நாள் வா என்றார்கள். போனோம். ரத்தத்தில் கொழுப்பு ரொம்ப அதிகம், குடும்பத்தில் ஓடுவது, இப்படியே விட்டால் அண்ணன் போன வழிதான் என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார். பின்னால் நிறையப் பேர் நின்றிருந்தார்கள். அதற்கு மேல் பேச்சு இல்லை.

வீட்டுக்கு வந்து மாத்திரை போட்டார். கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்தது. கழுத்து, மார் எல்லாம் சிவந்தது. எரியுது, அரிக்குது என்றார். அவருடைய அக்கா எங்களோடுதான் இருந்தாள், புருஷனை இழந்தவள். வந்து தொட்டுப் பார்த்தாள்.

"ஆத்தா வந்துகீறா."

"முத்து ஒண்ணும் காணோமே அக்கா."

"உள்ள கீது. நாளைக்குப் போடும். நீ இன்னா டாக்டரா?"

வாசலில் வேப்பிலை செருகினாள். அம்மை வந்த வீட்டில் தாளிக்கக் கூடாது, வெளியே போகக் கூடாது, மருந்து கூடவே கூடாது. மாத்திரையைத் துணியில் முடிந்து கூரையில் சொருகிவிட்டாள். அவர் வேப்பிலை மேல் படுத்தார். நான் கூழ் ஊற்றினேன். ரெண்டு பேருக்கும் அத்தனை நாள் கூலி போனது.

முத்து வரவில்லை. சிவப்பும் திரும்ப வரவில்லை. மஞ்சள் தண்ணீர் தலைக்கு ஊற்றினோம். "பாத்தியா, எறங்கிட்டா," என்றாள். நான் மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் சிவந்தது. மறுபடியும் வேப்பிலை.

"ஆத்தா எறங்குனதும் மருந்தக் குடுத்தே. அதான் திரும்பிக்கினு வந்துட்டா. இன்னோரு தம்பியயும் நான் வாரிக் குடுக்கணுமா?"

அவர் சாகக் கூடாது என்றுதான் அவளும் மாத்திரையை ஒளித்தாள். நானும் அதற்காகத்தான் எடுத்தேன்.

இன்னொரு தடவை தண்ணீர் ஊற்றிய பிறகு அவரை மறுபடி ரயில் ஏற்றினேன். நடந்ததை டாக்டர் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"நான் சொல்லியிருக்கணும். அம்மை இல்லம்மா. இந்த மாத்திரை போட்டா முகம் சிவக்கும். போகப் போகக் குறையும். சாப்பிட்டுட்டுப் போடச் சொல்லுங்க."

காகிதத்தில் வட்டம் வட்டமாகப் போட்டார். உடம்பு பூராவும் கண்ணுக்குத் தெரியாத செல் செல்லாக இருக்கிறதாம். கொழுப்பைச் சேர்த்து வைக்கிற செல் அதை ரத்தத்தில் இறக்கிவிடுமாம். ஈரலில் இருக்கிற செல் அதை வாங்கி வேறு கொழுப்பாக ஆக்கித் திரும்ப ரத்தத்தில் அனுப்புமாம். மிஞ்சுவதுதான் காலில் கட்டி, நெஞ்சுக் குழாயில் அடைப்பு. இந்த மாத்திரை, இறக்குவதைத் தடுக்கிறது என்றார்.

"லோடு வரலன்னா கம்பெனி படுத்துக்கும். அதான சார்?" என்றார் இவர்.

"அதேதான். இது ஒரு சத்துதான்யா. வேர்க்கடலை, மீன், தவிடு எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு."

"அப்ப மீனே துன்னுட்டுப் போறேன்."

"கூடை கூடையாத் துன்னணும். முடியுமா?"

"பழவேற்காட்டுல மீன்காரர் வூட்டுப் பொண்ணு எடுத்திருந்தா முடிஞ்சிருக்கும்," என்று என்னைப் பார்த்தார். நான் ரயிலுக்கு நேரமாகிறது என்றேன்.

டாக்டர் சொன்னதை அக்காவிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் மாத்திரையை ஒளிக்கவில்லை.

ஒரு நாள் காலையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். கம்பெனி கேட்டில் சூப்பர்வைசர் சிவந்த முகத்தைப் பார்த்து, வாயை மோந்து, வாடை இல்லாவிட்டாலும், "காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டியா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு சாயங்காலம் சாப்பிட்டு முடித்துத்தான் போட்டார். முகம் எரியும். நான் விசிறுவேன். நாளெல்லாம் உப்புத் தண்ணீரில் நின்ற கால் எனக்கும் எரியும். அதற்கு மாத்திரை இல்லை.

அப்படி விசிறிக்கொண்டிருந்தபோது அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கினாள். அதே இடம். அதே கட்டி.

"எப்பலருந்துக்கா?"

"பெரியவன் போறதுக்கு முன்னாடியே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணியிருப்பே?" அவர் முகத்தைப் பார்த்தாள். சிவப்பு வடிந்துகொண்டிருந்தது. "என்னையும் இட்டுக்கினு போ. ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அடுத்த தடவை மூன்று பேராகப் போனோம். கிடைத்த இடத்தில் அவளை உட்கார வைத்துவிட்டு, வரிசையில் நான் நின்றேன்.