கணவரோடு கடைசிச் சுற்று

சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்றில் யாருக்கு யார் என்று சுவரில் ஒட்டினார்கள். என் பெயருக்கு நேரே என் கணவரின் பெயர். பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் அத்தனை பேர் இருக்க, ஜோடி சேர்க்கும் கம்ப்யூட்டருக்கு இவர்தானா கிடைத்தார்? இந்த ஆட்டத்தில் ஜெயித்தால் மாநிலப் பெண்கள் அணியில் எனக்கு இடம். டிரா போதாது. நாற்பதைத் தாண்டியவளுக்கு இன்னொரு வாய்ப்பு எங்கிருந்து வரும்?

அவருக்கு வெள்ளைக் காய். நான் பிரெஞ்சு டிஃபென்ஸ் என்ற தற்காப்பு முறையை ஆடினேன். வேறு எதுவும் எனக்கு ஒழுங்காக வராது, அது அவருக்கும் தெரியும். கிள்ளான் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் செய்வதுபோலவே ராஜாவின் சிப்பாயை இன்னொரு கட்டம் தள்ளி நடுப்பலகையை அடைத்துவிட்டார். என் பிஷப் சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். ஜெயித்தால் புருஷன் விட்டுக்கொடுத்தார் என்பார்கள். தோற்றால் இடம் போச்சு.

திடீரென்று தன் குதிரையை என் ராணிக்கு நேரே கொண்டுவந்து வைத்தார். அதற்குக் காவலாக ஒரு காயும் இல்லை. எடுத்தால் ஆட்டம் என்னுடையது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மீன் குழம்பில் நல்ல துண்டையெல்லாம் எனக்குத் தள்ளிவிட்டு, தனக்குப் பிடிக்காது என்று பொய் சொல்லும் மனிதர் இவர். இங்கேயும் ஆரம்பித்துவிட்டாரா? பிச்சை போட்ட இடம் எனக்கு வேண்டாம். ராணியைத் தொடாமல் ஓரத்துச் சிப்பாயை நகர்த்தினேன். அவர் அந்தக் குதிரையை முன்னால் பாயவிட்டார். நான் மறுத்ததைப் புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். அதன்பிறகு மூச்சுவிட இடமில்லாமல் நெருக்கித் தோற்கடித்தார்.

கிள்ளான் திரும்பும் கொமுட்டர் ரயிலில் உட்கார இடமில்லை. பக்கத்தில் நின்றபடி ஆட்டத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"ஐயோ, ஒரு இடத்துல என் குதிரை சும்மா நின்னுச்சு லா. நான் கவனிக்கவே இல்ல. உனக்காக விட்டுக்கொடுத்தா நீ என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டியேன்னுதான் முழு மூச்சா ஆடுனேன். நீயும் பாக்கலையா?"

"பாக்கல," என்றேன்.

"பாத்திருந்தா இந்நேரம் டீம்ல இருந்திருப்ப," என்றார். அவருக்கு உண்மையாகவே வருத்தம். கிள்ளான் வரும்வரை அதையே சொல்லிச் சொல்லி எனக்கு ஆறுதல் சொன்னார்.